கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரு குவாட்: கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு வண்டி தயார் செய்வது எப்படி

எங்கள் பட்டறைக்குப் பின்னால், தேயிலை முடிகிற இடத்தில், தானாக முளைத்து வளர்ந்த இரண்டு சீகை மரங்கள் நிற்கின்றன. டேப் வைத்து அளந்தால் நடுவே 48 அங்குலம். எங்கள் குவாடின் (பைக் மாதிரி ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி) அகலம் 47. அக்கா மகன் முதல் சுற்றில் அந்த இடைவெளிக்குள் ஊசியில் நூல் கோத்த மாதிரி நுழைந்து வெளியே வந்துவிடுவான். இருபதாவது சுற்றில் பம்பரின் இடது மூலை பட்டையை உரசும். வண்டியும் அதேதான், மரமும் அதேதான். அவன் கை ஓய்ந்து போயிருக்கும்.

கிராஸ் கன்ட்ரிக்கு ஒரு ஸ்போர்ட் குவாடைத் தயார் செய்கிறவர் மனதில் அந்த இருபதாவது சுற்றுதான் இருக்க வேண்டும். பந்தயத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்கு எந்த வண்டியும் போதும். கடைசி அரை மணி நேரத்தில் ஓட்டுகிறவன் கையை, முதுகை, கண்ணைக் காப்பாற்றுகிற வண்டிதான் நல்ல வண்டி. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு வேலையையும் அந்தக் கணக்கில்தான் செய்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். 11 வருடம் துபாயில் இருந்தேன். ஹத்தா போகிற சாலையில், பிக் ரெட் என்று எல்லோரும் சொல்லும் பெரிய மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குவாட் பட்டறையில் வேலை. ஊர் திரும்பி இப்போது பிக்கப், பவர் டில்லர், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் பார்க்கிறேன். அக்கா மகன் ஒரு தோட்டத்துக்காரரிடம் ஓடாமல் கிடந்த சுசுகி குவாட்ஸ்போர்ட் இசட்400 ஒன்றை வாங்கி வந்து, "மாமா, இதை ரேஸுக்கு ரெடி பண்ணித் தரணும்" என்று நின்றபோதுதான் பழைய வேலை மறுபடி கைக்கு வந்தது. 398 சிசி, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். 2009-க்கு முந்தைய மாடல் என்பதால் கார்புரேட்டர். உங்களுடையது யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் ஆகவோ, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் ஆகவோ இருந்தாலும் வேலை முறை ஒன்றுதான், அளவுகள்தான் கொஞ்சம் மாறும்.

இந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் செட்டிங் புரியும். இதற்குப் பெரிய களம் அமெரிக்காவின் ஜிஎன்சிசி (கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி) தொடர். மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் என்ற சின்ன ஊரில் 1975-ல் தொடங்கிய பிளாக்வாட்டர் 100 பந்தயத்தில் இருந்து வளர்ந்தது அது. இன்று அங்கே குவாட் ஓட்டும் முதல்நிலை வீரர்களுக்கு இரண்டு மணி நேரப் பந்தயம். மரங்களுக்கு நடுவே, வேர், கல், ஓடை, சேறு, ஏற்றம் என்று பல கிலோமீட்டர் சுற்று. இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள், சைகை கிடைத்ததும் ஸ்டார்ட் செய்து கிளம்புவார்கள். மோட்டோகிராஸ் மாதிரி இருபது நிமிடத்தில் முடிகிற கதை இல்லை இது. நம் பக்கம் தனியார் நிலங்களில் நடக்கிறவை அதைவிடச் சின்னவைதான், ஆனால் தன்மை அதேதான்.

ஓட்டிப் பழகும் இடத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் இருந்துகொண்டு குவாடைச் சோலைக்குள்ளோ புல்வெளிக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். வனத்துறை நிலத்தில் அது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும், இந்த டயர் ஒரு முறை கிழித்த புல்வெளிச் சரிவில் அடுத்த மழைக்குத் தண்ணீர் வாய்க்கால் பிடித்துவிடும். பொது ரோட்டிலும் இந்த வண்டி ஓடக்கூடாது. பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். நாங்கள் பழகுவது சொந்தக்காரர் ஒருவரின் பட்டா நிலத்தில், தேயிலை போன பிறகு சும்மா கிடக்கிற மூன்று ஏக்கரில். அங்கேயும் முதலில் நடந்து ஒரு சுற்று வருவோம். விடிகாலையில் காட்டுமாடு அங்கேதான் நிற்கும். அது தானாக நகர்ந்து போகும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை. ஒன்பது மணிக்கு முன்னாலும் நாலு மணிக்குப் பின்னாலும் ஓட்டுவதே இல்லை.

முதலில் ஆட்டம் பாருங்கள்

புது சாமான் எதுவும் வாங்குவதற்கு முன்னால் வண்டியைக் கழுவி, பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றிவிடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் என்று விளையாடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது விளையாடினால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை. பின்பக்கம் ஆக்ஸிலை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், ஸ்விங் ஆர்மை (பின் ஆக்ஸிலைத் தாங்கும் கை) பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஸ்விங் ஆர்ம் பேரிங் ஊசிகள் துருப்பிடித்துப் பொடியாகவே கொட்டின. அந்த நிலையில் எத்தனை விலை கொடுத்து ஷாக் (ஷாக் அப்சார்பர்) வாங்கிப் போட்டாலும் வண்டி நேராக ஓடாது.

எல்லா நட்டையும் அதற்குரிய டார்க்கில் இறுக்கிய பிறகு நட்டில் இருந்து பிரேம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுவேன். அக்காவின் நெயில் பாலிஷ் அதற்கு நன்றாக ஒட்டுகிறது. கோடு இரண்டாக விலகி இருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று தூரத்தில் இருந்தே தெரியும். பந்தயத்தின் நடுவே பெட்ரோல் ஊற்றுகிற அந்த ஒரு நிமிடத்தில் ஸ்பேனர் வைத்துப் பார்க்க நேரம் கிடைக்காது, கண்ணால்தான் பார்க்க முடியும்.

அகலம்

மோட்டோகிராஸ் குவாடை 50 அங்குலம் வரை அகலப்படுத்துவார்கள். வளைவில் கவிழாமல் இருக்க அது நல்லது. மரத்துக்கு நடுவே ஓடுகிற வண்டிக்கு 46 முதல் 48 அங்குலம்தான் சரி. இசட்400 கம்பெனியில் இருந்து வரும்போதே கிட்டத்தட்ட 47 அங்குலம் என்பதால் அதைத் தொட வேண்டியதே இல்லை. படங்களில் பார்த்துவிட்டு இரண்டு அங்குலம் நீளமான ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தைப் பிரேமோடு இணைக்கும் கை) வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் காசை ஷாக்கில் போடுங்கள்.

முன் சக்கரம் நுழைந்த இடத்தில் பின் சக்கரமும் நுழைய வேண்டும். பின்பக்கம் அகலமாக இருந்தால், முன்னால் மரத்தைத் தாண்டிவிட்டோம் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற நேரத்தில் பின் டயர் மரத்தில் ஏறி வண்டியைத் திருப்பிப் போட்டுவிடும். அதனால் பின்பக்கத்தை முன்பக்கத்துக்குச் சமமாக, முடிந்தால் அரை அங்குலம் குறைவாக வைக்கிறேன். ரிம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். 4+1 ஆஃப்செட் ரிம்மைக் கழற்றி 3+2 போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் வெளியே போகும், மொத்தம் இரண்டு அங்குலம் கூடிவிடும். இது தெரியாமல் பளபளப்புக்காக ரிம் மாற்றிவிட்டு, ஸ்டியரிங் ஏன் கனமாகிவிட்டது என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

டயரும் காற்றும்

முன்னால் 22x7-10, பின்னால் 20x10-9. இசட்400-க்குக் கம்பெனி அளவே இதுதான். டயரின் உயரம், அகலம், ரிம்மின் விட்டம் என்று அந்த மூன்று எண்ணையும் படிக்க வேண்டும், எல்லாம் அங்குலம். அளவை மாற்றாமல் ஆறு பிளை (அடுக்கு) டயராக மட்டும் மாற்றினேன். காரணம் எங்கள் மண்ணில் இருக்கிறது. கவாத்து அடித்த தேயிலைச் செடியின் குச்சி ஒவ்வொன்றும் சாய்வாகச் சீவிய ஆணி மாதிரி நிற்கும். சாதாரண டயரின் பக்கச் சுவரில் அது ஏறினால் பஞ்சர் பட்டை போட்டும் நிற்காது.

இந்த டயருக்குக் காற்று மிகக் குறைவு. நான் முன்னால் 6 பிஎஸ்ஐ, பின்னால் 5 பிஎஸ்ஐ வைக்கிறேன். கார் கேஜில் இதைப் படிக்க முடியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கவே வேண்டாம், ஒரு நொடியில் அளவைத் தாண்டிவிடும். சைக்கிள் பம்ப் போதும்.

மலையில் இருக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோத்தகிரி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,800 மீட்டர், கோவை சுமார் 400 மீட்டர். இங்கே 6 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குப் போய்ப் பார்த்தால் கேஜ் அதைவிடக் குறைத்துக் காட்டும். காற்று எங்கும் கசியவில்லை. கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுதல், கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. வெயிலில் டயர் சூடாவதால் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனாலும் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். ஆறில் ஒன்றரை போனால் கால் பங்கு போன மாதிரி. எப்போதும் பந்தயம் நடக்கும் இடத்தில், காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

பின்னால் இரண்டு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குவாடின் பின் ஆக்ஸில் ஒரே கம்பி, காரில் இருக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒரு டயர் பெரிதாக இருந்தால் வண்டி எப்போதும் சின்ன டயர் பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவன் இரண்டு மணி நேரம் கையால் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துணி தைக்கிறவர் டேப்பை டயரின் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் டயரிலும் அரை அங்குலம் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். சின்னதில் கால் பிஎஸ்ஐ கூட்டி, பெரியதில் கால் பிஎஸ்ஐ குறைத்துச் சமப்படுத்தலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் டயரை மாற்றிக் கேளுங்கள்.

ஷாக்: அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை

நிறையப் பேர் இன்ஜினில் செலவழிக்கிறார்கள். நான் ஷாக்கில்தான் நாளைச் செலவழிப்பேன். வேர் நிறைந்த பாதையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி கைக்கு ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் பாதியை ஷாக் வாங்கிக்கொண்டால், மிச்சம் இருக்கிற பலம்தான் கடைசி அரை மணி நேரத்துக்கு.

முதலில் சேக். ஓட்டுகிறவன் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. ஹெல்மெட், பூட்ஸ், கார்டு எல்லாம் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். முதுகில் தண்ணீர்ப் பை மாட்டி ஓட்டுகிறவர் என்றால் அதில் தண்ணீரும் இருக்க வேண்டும். என் மருமகன் 62 கிலோ, எல்லாம் மாட்டினால் 70-க்கு வந்துவிடுகிறான்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கட்டும். ஆக்ஸிலின் நடுவில் இருந்து நேர் மேலே பின் கிராப் பாரில் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை இறக்கி, அவனை உட்காரச் சொல்லி, இரண்டு மூன்று முறை குதித்து நிதானத்துக்கு வரச் சொல்லுங்கள். மறுபடி அளந்து கழித்துப் பாருங்கள். இசட்400-ல் பின் சக்கரம் சுமார் 9 அங்குலம் மேலும் கீழும் போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 அங்குலம் இறங்கினால் சரி. அதிகம் இறங்கினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ரிங்கை இறுக்கி ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் முன் அழுத்தம்) கூட்டுங்கள், குறைவாக இறங்கினால் தளர்த்துங்கள். ரிங்கை ரொம்ப இறுக்கினால்தான் மூன்று அங்குலம் வருகிறது என்றால், அந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது என்று அர்த்தம். வேறு ஸ்பிரிங்தான் வழி.

இந்த அளவை எடுத்த அன்று பட்டறையில் நல்ல வேடிக்கை. மருமகன் முழு கவசத்தோடு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறான், அக்கா ஒரு பக்கம் டேப்பின் நுனியைப் பிடிக்கிறாள், நான் தரையில் படுத்து அளக்கிறேன். முதல் அளவு நாலேகால் அங்குலம் இறங்கியது. ரிங்கைச் சுற்றச் சுற்ற, நான்கு, மூணே முக்கால், மூணரை என்று வந்து, ஏழாவது முறைதான் மூன்று. அன்றைக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். அடுத்த நாள் ஓட்டிவிட்டு வந்தவன், "மாமா, பின்னாடி உட்கார்ந்து இழுக்கிற மாதிரி இருந்தது போயிடுச்சு" என்றான்.

எங்கள் வண்டியின் முன் ஷாக்கில் ப்ரீலோட் மட்டும்தான் மாற்ற முடியும், ஐந்து படி. அவன் எடைக்கு இரண்டாவது படி. உட்கார்ந்த பிறகு பிரேமின் அடிப்பக்கம் முன்னாலும் பின்னாலும் தரையில் இருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் போதும். முன்னால் தூக்கிக்கொண்டு நின்றால் ஏற்றத்தில் ஸ்டியரிங் வேலை செய்யாது. எங்கள் ஊரில் ஏற்றம் இல்லாத இடம் எது?

அடுத்து பின் ஷாக்கின் கிளிக்கர்கள். ஷாக் அமுங்குவதைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரஷன், திரும்ப விரிவதைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். முதலில் ரீபவுண்ட் ஸ்க்ரூவை வலப்பக்கமாக மெதுவாக முழுக்கத் திருகி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். கம்ப்ரஷனுக்கும் அப்படியே. இப்படி எண்ணும்போது எண் கூடினால் ஷாக் மென்மை என்று அர்த்தம். எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் திருகினால் திரும்பி வர வழி இருக்காது. காலை எட்டு டிகிரி குளிரில் ஷாக் எண்ணெய் கெட்டியாக இருக்கும், அந்த நேரம் செட் செய்தால் மதியம் எல்லாம் மாறிவிடும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே பாதை, ஒரே வேகம், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் இரண்டு கிளிக். வேரைத் தாண்டியதும் பின்பக்கம் ஆளைத் தூக்கி எறிகிற மாதிரி உதைத்தால் ரீபவுண்ட் வேகமாக இருக்கிறது, உள்ளே திருகி மெதுவாக்குங்கள். அடுத்தடுத்து வரும் குழிகளில் வண்டி போகப் போகத் தாழ்ந்து, கடைசிக் குழியில் கல் மாதிரி அடித்தால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது, வெளியே திருகுங்கள். பெரிய பள்ளத்தில் டம் என்று அடியில் முட்டினால் கம்ப்ரஷனைக் கூட்டுங்கள். சின்னக் கல்லுக்கெல்லாம் முதுகு வலித்தால் குறையுங்கள். முட்டவே முட்டாத வண்டியும் சரியான வண்டி இல்லை. ஒரு சுற்றில் ஒன்றிரண்டு முறை லேசாக முட்டினால்தான் இருக்கிற பயணம் முழுவதையும் பயன்படுத்துகிறீர்கள்.

சக்கர நேர்

ஷாக் முடிந்த பிறகுதான் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு. முந்திச் செய்தால் சேக் மாறியதும் இதுவும் மாறிவிடும். ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள், அவனை உட்காரச் சொல்லுங்கள். இரண்டு முன் டயரின் முன்பக்கத்திலும், ஆக்ஸில் உயரத்தில், நடுவில் சாக்பீஸ் புள்ளி வைத்து இடைவெளியை அளங்கள். வண்டியைத் தள்ளி அந்தப் புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு பின் அளவைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாகக் குறைந்தால் டயர் தேயும், ஸ்டியரிங் மந்தமாகும். முன்பக்கம் விரிந்திருந்தால் வேகத்தில் ஹேண்டில் அலையும். இரண்டு டை ராடையும் சம அளவு திருகுங்கள், ஒன்றில் மட்டும் திருகினால் ஹேண்டில் கோணலாகும். லாக் நட்டை இறுக்கி, வெள்ளைக் கோடு.

கை, கட்டைவிரல்

குவாடில் ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலில். மருமகன் ஐம்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, வலது கையை உதறிக்கொண்டு நின்றான். கட்டைவிரலின் அடிச்சதை கல் மாதிரி இறுகி, விரலை மடக்கவே முடியவில்லை. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் பசை. கேபிள் புதிதாக மாற்றி, வளைவு குறைவான வழியில் கொண்டுபோய், லிவரை அவன் விரலுக்கு வாகாகக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்தேன். இப்போது ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது. இந்த வேலைக்கு ஆன செலவு ஒரு கேபிள். இன்ஜினில் ஐம்பதாயிரம் போட்டிருந்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஹேண்டில்பார் உயரத்தை எழுந்து நின்று ஓட்டும்போது பார்த்து முடிவு செய்யுங்கள், உட்கார்ந்து அல்ல. முதுகு கூனாமல் முழங்கை வெளியே விரிந்திருக்க வேண்டும். கிளட்ச், பிரேக் லிவர்கள் நீட்டிய கையின் கோட்டிலேயே சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். கிரிப்பை ஒட்டி, மேலே மெல்லிய கம்பி சுற்றிக் கட்டுங்கள், மழையில் கழன்று வராது. ஹேண்ட்கார்ட் கட்டாயம், சீகைக் கிளை விரல் முட்டியைப் பெயர்த்துவிடும். காசு இருந்தால் ஸ்டியரிங் டேம்பர் வாங்குங்கள். கல்லில் முன் சக்கரம் பட்டதும் ஹேண்டில் கையைப் பிடுங்குவதை அது பெரும்பகுதி விழுங்கிவிடும்.

கியரும் கார்புரேட்டரும்

இந்த உயரத்தில் காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். அதைத் திரும்பப் பெற எளிய வழி ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்). எங்கள் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 40. முன்னால் 13 போட்டேன். அது பின்னால் 43 போட்டதற்குச் சமம். ஏற்றத்தில் அடிக்கடி கிளட்சை நழுவவிட வேண்டியதில்லை. இடது கைக்கு அதுவே பெரிய ஓய்வு. உச்ச வேகம் குறையும்தான். மரத்துக்கு நடுவே உச்ச வேகம் யாருக்கு வேண்டும்?

செயின் லூஸை வண்டி சும்மா நிற்கும்போது பார்க்காதீர்கள். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். பெல்ட் போட்டுப் பின்பக்கத்தை அந்த நிலை வரை அமுக்கி, அப்போதும் ஒரு விரல் ஆட்டம் இருக்கிற மாதிரி வையுங்கள்.

கார்புரேட்டரில் கவனமாக இருங்கள், இதில் தவறினால் இன்ஜின் போய்விடும். மேலே காற்று மெலிதாக இருப்பதால் பெட்ரோல் மிஞ்சும். பிளக் கரி பிடிக்கும், கறுப்பாகப் புகைக்கும். அதனால் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) சின்னதாக்குவோம். அப்படி மலைக்குச் செட் செய்த வண்டியை அப்படியே சமவெளிக்குக் கொண்டு போய் ஓட்டினால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்ஜின் நன்றாக இழுக்கிற மாதிரியே தெரியும், உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். நான் இரண்டு ஜெட் வைத்திருக்கிறேன், ஒரு சின்ன டப்பாவில் "மலை", "கீழே" என்று எழுதி. கோவைக்குப் போனால் முந்தின நாளே கீழே போய் ஜெட்டை மாற்றி, பத்து நிமிடம் நன்றாக ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் ஜெட்டை இன்னும் பெரிதாக்க வேண்டும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

சைலன்ஸரைக் கம்பெனியில் வந்தபடியே விட்டுவிட்டேன். அதன் வாயில் இருக்கும் தீப்பொறி தடுக்கும் வலையைப் பிடுங்கிப் போட்டால் சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று பையன்கள் சொல்வார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இந்த மலையில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஏர் ஃபில்டர்

துபாயில் ஒரு வாடிக்கையாளர் புது ஃபில்டர் போட்டுக்கொண்டு மணலுக்குள் போனார். சாயங்காலம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. திறந்தால் சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறிய மாதிரி கோடுகள். ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. அது உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவாமல் விட்டிருந்தார்கள். தலைமுடி அளவு இடைவெளி வழியாகத் தூசு உள்ளே போயிருந்தது. அன்றில் இருந்து நான் ஃபில்டரை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

நுரை ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளங்கையில் வைத்து அமுக்குங்கள். நிழலில் முழுக்கக் காய வேண்டும். எங்கள் ஊரில் மழை மாதங்களில் அதற்கு இரண்டு நாள் ஆகும், அதனால் மூன்று ஃபில்டர் வைத்திருக்கிறோம். ஃபில்டர் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, எல்லா இடமும் ஒரே நிறமாகும் வரை பாருங்கள். விளிம்பு முழுக்கச் சுற்றி கிரீஸ். ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்து ஓட்டினால் பலம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் மழையும் மஞ்சும் சேறும் உள்ள இடத்தில் மூடி இருக்கட்டும்.

பாதுகாப்புச் சாமான்கள்

நெர்ஃப் பார் (முன், பின் சக்கரத்துக்கு நடுவே பக்கவாட்டில் வரும் கம்பிச் சட்டம்) இல்லாமல் பந்தயத்தில் விடமாட்டார்கள், பழகும்போதும் வேண்டும். கால் நழுவினால் பின் டயர் இழுத்துக்கொள்ளாமல் தடுப்பது அதுதான். குதிகால் பக்கம் வலை இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டெதர் கில் ஸ்விட்ச்சின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் வண்டியைக் கிளப்பவே கூடாது. ஆள் விழுந்தால் இன்ஜின் அந்த நொடியே அணைய வேண்டும், சரிவில் ஆள் மேல் உருண்டு வருகிற குவாட் 170 கிலோவுக்கு மேல். பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். இது ஒருவர் ஓட்டுகிற வண்டி, இரண்டாவது ஆள் உட்கார்ந்தால் ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். இன்ஜினுக்கு அடியிலும் ஸ்விங் ஆர்முக்கு அடியிலும் அலுமினியத் தகடு போடுங்கள், பிடுங்காமல் விட்ட தேயிலைக் கட்டைகள் பிரேக் டிஸ்க்கை வளைத்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் வலை. சேறு அப்பினால் உள்ளே அடைக்கும், ஒவ்வொரு முறை ஓட்டிப் பழகிய பிறகும் பின்பக்கத்தில் இருந்து மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், துடுப்புகள் மடங்கிவிடும்.

பந்தயத்துக்கு முன் ஒரு முழு ஒத்திகை

இரண்டு வாரம் முன்னால் முழு நேரமும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்கள் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு நாலரை லிட்டர் பெட்ரோல் ஆனது. டேங்க் ஏறக்குறைய 10 லிட்டர். இரண்டு மணி நேரம் என்றால் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்றுதான் இருக்கும், அதனால் நடுவில் ஒரு முறை ஊற்றத்தான் வேண்டும். ஊற்றுவதையும் பழகினோம். அவன் இன்ஜினை அணைத்து இறங்கி தண்ணீர் குடிக்க, நான் ஊற்ற, அக்கா கண்ணாடியைத் துடைத்து மாற்றித் தர. முதல் முறை இரண்டு நிமிடம், ஆறாவது முறை நாற்பது விநாடி.

நின்ற இடத்தில் இருந்து ஸ்டார்ட் செய்து கிளம்புவதையும் இருபது தடவையாவது பழகுங்கள். இசட்400 பட்டன் ஸ்டார்ட் என்பதால் பேட்டரிதான் உயிர். குளிரில் அது சோர்ந்துவிடும், முந்தின இரவு வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள்.

கடைசி வாரத்தில் எதையும் புதிதாக மாட்டாதீர்கள். எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட், வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

ஓட்டி முடித்து வந்ததும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் கை முதலில் வலித்தது? அதை நோட்டில் எழுதிவிடுவேன், அன்றைய கிளிக் எண்ணிக்கை, டயர் காற்று, ஜெட், மழையா வெயிலா என்பதோடு சேர்த்து. போன வாரத்துப் பக்கத்தில் இருப்பது இது: "மழை விட்ட ஈரம். முன் 6, பின் 5. ரீபவுண்ட் 9, கம்ப்ரஷன் 11. 80-வது நிமிடம், சீகை மரத்துக்கு முந்தின வேர்ப் படியில் இடது முன்கை. அடுத்த முறை கம்ப்ரஷன் 13 வைத்துப் பார்க்க வேண்டும்."